சம்பளம் கிடையாது, வசவு உண்டு!

2022 ஜூன் 7. பின்லாந்துக்காரரான லாஸ்ஸே காலின் என்ற நிரலாளருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. அவர் மட்டும் படிப்பதற்காக வந்த கடிதம் இல்லை அது. அவருடைய மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் படிக்கும் பொதுக் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் பெயர் ஜிகர் குமார். இங்கே புதிதாக ஒருவர் பொறுப்பேற்காமல் எந்த முன்னேற்றமும் நடக்காது, இப்போது இருப்பவருக்கு ஆர்வம் போய்விட்டது அல்லது அக்கறை இல்லை என்பது அதன் சாரம்.

மறுநாள் காலின் பதில் எழுதினார். ஆர்வம் போகவில்லை என்றார். நெடுநாளாக இருக்கும் மனநலச் சிக்கல்களாலும் வேறு சில காரணங்களாலும் முன்போல் கவனிக்க முடியவில்லை என்று, முகம் தெரியாதவர்கள் நடுவே சொன்னார். இது சம்பளம் இல்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்றார்.

இரண்டு வாரம் கழித்து டென்னிஸ் என்ஸ் என்ற பெயரில் இன்னொரு கடிதம். உங்கள் மனநலம் குறித்து வருந்துகிறேன், ஆனால் ஒருவருக்குத் தன்னுடைய எல்லை தெரிந்திருக்க வேண்டும், சமூகம் இன்னும் அதிகமாக எதிர்பார்க்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடக் கூடாதா என்று அது கேட்டது.

இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது. ஒருவர் தன் நோயை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு நெருக்கிவிட்டு, அந்த நோயையே காரணம் காட்டி வீட்டுச் சாவியைக் கேட்கிறார்கள்.

கொஞ்ச காலத்தில் சாவி கைமாறியது. அதை வாங்கிக்கொண்டவர் யார் என்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது.

அரை விநாடி தாமதம்

காலின் எழுதிய மென்பொருளின் பெயர் எக்ஸ்-இசட். கோப்புகளைச் சுருக்கி, பிறகு விரிக்கும் கருவி. ஒரு பையில் துணிகளை அமுக்கி அடுக்குவதுபோல எளிமையான வேலைதான். ஆனால், உலகின் பெரும்பாலான சர்வர்களை இயக்கும் லினக்ஸ் தொகுப்புகளில் இது இல்லாத இடம் அரிது. அதன் முக்கியமான நிரல் பகுதியைப் பதிப்புரிமைகூடக் கோராமல் பொதுச்சொத்தாக விட்டிருந்தார் காலின். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

அவருக்குத் தோள்கொடுக்க வந்தவர் போலத் தோன்றியவர் ஜியா டான். 2021 அக்டோபரில் ஒரு சின்னத் திருத்தத்தோடு வந்தார். பணிவான பேச்சு, நேர்த்தியான வேலை. குமாரும் என்ஸும் குழுவில் நெருக்கிக்கொண்டிருந்தபோது இவர் அமைதியாகத் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். களைத்துப்போன ஒருவர் இப்படிப்பட்ட உதவியாளரை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? 2023 தொடக்கத்துக்குள், நிரலில் நேரடியாகக் கை வைக்கும் அதிகாரம் ஜியா டானுக்கு வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், சோதனைக்கான கோப்புகள் என்ற போர்வையில் ஒரு கொல்லைப்புறக் கதவு ஒளிந்திருந்தது. அதன் ரகசியச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர், அந்தப் பதிப்பு ஓடும் சர்வர்களுக்குள் தொலைவிலிருந்தே, கடவுச்சொல் இல்லாமல் புகுந்து நினைத்ததைச் செய்யலாம்.

கண்டுபிடித்தவர் பாதுகாப்புத் துறை நிபுணர் அல்ல. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த அரை விநாடியை அவர் விடவில்லை. நூல் பிடித்துப் போய், 2024 மார்ச் 29, புனித வெள்ளி அன்று விஷயத்தை உலகுக்குச் சொன்னார். கதவு இன்னும் பரவலாகப் பயன்பாட்டில் இருக்கும் நிலையான பதிப்புகளுக்குப் போய்ச் சேரவில்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் சோதனைப் பதிப்புகளோடு நின்றிருந்தது. சில மாதங்கள் தவறியிருந்தால் எத்தனை நாடுகளின் சர்வர்கள் திறந்து கிடந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பெட்டிச் செய்தி: எக்ஸ்-இசட் சதி நடந்த விதம்

2021 ஜனவரி: நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஜியா டானின் கணக்கு தொடங்கப்படுகிறது.
2021 அக்டோபர்: எக்ஸ்-இசட் குழுவுக்கு அவருடைய முதல் திருத்தம்.
2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை: ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் பெயர்களில் அவசரப்படுத்தும் கடிதங்கள்.
2023 தொடக்கத்துக்குள்: நிரலை நேரடியாக மாற்றும் அதிகாரம் ஜியா டானுக்கு.
2024 பிப்ரவரி: கொல்லைப்புறக் கதவோடு 5.6.0 வெளியீடு. மார்ச் 9-இல் 5.6.1.
2024 மார்ச் கடைசி வாரம்: புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் நெருக்கடி.
2024 மார்ச் 29: ஃப்ராய்ண்டின் அறிவிப்பு. அபாய அளவுகோலில் 10-க்கு 10.

உளவாளி போட்ட வேடம்

ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களுக்கு அந்தக் கடிதங்களுக்கு வெளியே இணையத்தில் சுவடே இல்லை. ஜியா டானின் கூட்டாளிகள், அல்லது அவரே போட்ட முகமூடிகள் என்றுதான் இதை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். பெயரைப் பார்த்து நாட்டை முடிவுசெய்வதில் பொருளில்லை. இட்டுக்கட்டிய பெயருக்கு ஊர் ஏது?

எனக்கு இதில் உறைப்பது வேறொன்று. பல ஆண்டுகள் பொறுமையாகத் திட்டமிட்ட ஒரு கூட்டம், தன் காரியம் நடக்க எந்த வேடத்தைத் தேர்ந்தெடுத்தது? எரிச்சலான பயனர் வேடத்தை. இலவசமாக வந்த ஒன்றுக்காக, அதைத் தந்தவரை விரட்டுகிற ஆளாக வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கு தப்பவில்லை. 'எத்தனை வருடமாகக் காத்திருப்பது', 'இவருக்கு அக்கறை இல்லை' போன்ற வாக்கியங்கள் இந்த உலகத்தில் அன்றாடம் புழங்குபவை. தெருவில் தினமும் சண்டை நடந்தால், திருடனும் சண்டைக்காரனைப்போல நடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடலாம்.

ஓப்பன் சோர்ஸ் என்கிற திறமூல மென்பொருளின் அடிப்படை எளியது. எழுதியவர் நிரலை ஒளிக்காமல் வெளியே வைக்கிறார். மற்றவர்கள் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக வந்து உட்காருவது ஹார்ஃப்பஸ் என்ற திறமூலக் கருவியால். இவற்றில் சிலவற்றுக்குப் பெரிய நிறுவனங்களின் சம்பளக்காரர்கள் பின்னால் இருக்கிறார்கள். எக்ஸ்-இசட் போன்ற ஏராளமானவற்றுக்கு, இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கணினியைத் திறக்கும் ஒருவரோ இருவரோதான்.

அவர்களுக்கு என்ன வருகிறது? ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க்கைக் கேட்டால் தெரியும். இணையத்திலிருந்து தரவைக் கொண்டுவரும் கர்ல் என்ற கருவியை 1998 முதல் அந்தப் பெயரில் வளர்த்துவருபவர். போன், டிவி, கார் என்று அது ஏறாத சாதனம் குறைவு. கார்த் திரையில் உரிம விவரங்களுக்குள் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருப்பதைப் பார்த்துவிட்டு, கார் பாட்டுப் பெட்டியில் கோளாறு என்று அவருக்குக் கடிதம் போடுகிறவர்கள் உண்டு. அதையாவது பாவம் என்று விட்டுவிடலாம். 2021 பிப்ரவரியில் ஒருவர், உன்னை வெட்டிக் கொல்வேன் என்ற பொருளில் தலைப்பிட்டே கடிதம் அனுப்பினார். தன் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், அங்கே ஸ்டென்பெர்க்கின் பெயர் இருந்தது, ஆகவே குற்றவாளி அவர் என்பது அந்த மனிதரின் முடிவு. ஸ்டென்பெர்க் அதை ஊரறிய வெளியிட்டார். வேறு என்ன செய்வார்?

ரஷ்யாவின் டெனிஸ் புஷ்கரேவ் கதை இன்னொரு விதம். பழைய பிரௌசர்களிலும் புதிய இணையதளங்கள் ஓடுவதற்கு அவருடைய கோர்-ஜேஎஸ் உதவுகிறது. முன்னணி இணையதளங்களில் பாதிக்கு மேல் அது ஓடுவதாக அவர் கணக்குச் சொன்னார். வருமானம் இல்லாமல் தடுமாறியபோது, மென்பொருளை நிறுவும் சமயத்தில் திரையில் சில வரிகள் தோன்றும்படி செய்தார்: இந்தத் திட்டத்துக்கு நிதி தாருங்கள், எழுதியவர் நல்ல வேலை தேடுகிறார். அவ்வளவுதான். பொங்கிவிட்டார்கள். எங்கள் திரையில் விளம்பரமா, பிச்சையா என்று வந்த வசவுகளை 2023 பிப்ரவரியில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் படிக்கலாம். பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டவர், வாசலில் உண்டியல் இருப்பதைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பியதுபோல இருந்தது எனக்கு.

பெயரும் புகழும் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், 2018 ஜூலையில் தன் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். மொழியில் ஒரு சின்னக் குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய சண்டை. ஒரு முடிவுக்காக இவ்வளவு போராடி, அதை இத்தனை பேர் வெறுப்பதைப் பார்க்க இனித் தெம்பில்லை என்ற பொருளில் எழுதிவிட்டு விலகினார்.

தண்ணீர்ப்பந்தலில் லாரி

தனிமனிதர்களின் கோபத்தையாவது புரிந்துகொள்ளலாம். நள்ளிரவில் வேலை கெட்டால் யாருக்கும் வாய் நீளும். நிறுவனங்களின் அதிகாரம் இதைவிடக் கொடியது என்பது என் எண்ணம்.

2021 டிசம்பரில் லாக்-ஃபோர்-ஜே என்ற திறமூலக் கருவியில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. ஜாவா மொழியில் எழுதிய மென்பொருள்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் பதிவதுபோலப் பதிந்துவைக்க உதவும் கருவி அது. வங்கி, அரசு, விளையாட்டு என்று எல்லா இடத்திலும் இருந்தது. அபாச்சி அறக்கட்டளையின் கீழ் அதைப் பராமரித்தவர்கள் தன்னார்வலர்கள். அவர்களில் முக்கியமானவரான ரால்ஃப் கோயர்ஸ் பகலில் வேறு வேலை பார்ப்பவர். ஓட்டை வெடித்த நேரத்தில் கிட்ஹப் வழியாக அவருக்குப் பண உதவி செய்துவந்தவர்கள் மூன்றே பேர்.

ஓட்டையை அடைக்கத் தூக்கமில்லாமல் போராடிக்கொண்டிருந்த நாட்களில், குழுவிலிருந்த வோல்கன் யாசிசி பொதுவெளியில் மனம் திறந்தார். சம்பளமே வாங்காத வேலைக்காக எங்களைப் போட்டு அடிக்கிறார்கள் என்றார். கூடவே சொன்ன இன்னொன்றுதான் இந்தக் கதையின் மையம். ஓட்டைக்குக் காரணமான வசதி எங்களில் யாருக்குமே பிடிக்காதது, பழைய பயனர்களின் வேலை கெடக் கூடாது என்பதற்காகத்தான் அதை வைத்திருந்தோம் என்றார். அந்த வசதி 2013-இல் ஒரு பயனரின் வேண்டுகோளால் உள்ளே வந்தது. கேட்டபோது கொடுத்தார்கள். எடுத்தால் திட்டுவார்கள் என்று வைத்திருந்தார்கள். வைத்திருந்ததற்கும் திட்டு வாங்கினார்கள்.

அடுத்த மாதம் ஸ்டென்பெர்க்குக்கு ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய 500 நிறுவனங்களில் ஒன்று அனுப்பியது. லாக்-ஃபோர்-ஜே ஓட்டையால் உங்கள் பொருளுக்கு என்ன பாதிப்பு, எப்போது சரிசெய்தீர்கள் என்று கேள்விப் பட்டியல். 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும். கர்ல் ஜாவாவில் எழுதப்பட்டதே அல்ல. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசு கொடுத்ததும் இல்லை. உங்களோடு ஆதரவு ஒப்பந்தம் போட்டவுடன் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதினார். திரும்பி வந்த கடிதம் அவரை 'டேவிட்' என்று விளித்தது.

கோடையில் தெருமுனையில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். வழிப்போக்கர் ஒருவர், மோர் இல்லையா என்று முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, பானை பானையாகப் பிடித்துப் பாட்டிலில் அடைத்து விற்றுவிட்டு, அந்தத் தண்ணீருக்கு நாளைக் காலைக்குள் தரச் சான்றிதழ் கொடு என்று பந்தல்காரருக்கு நோட்டீஸ் விட்டால்?

ஜெர்மனியின் நிக் வெல்ன்ஹோஃபர் அந்த நோட்டீசைப் படிக்க மறுத்தவர். எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க உதவும் லிப்எக்ஸ்எம்எல்-2 என்ற கருவியைத் தனியாளாகப் பராமரித்தார். உலகப் பெரும் நிறுவனங்களின் பொருள்களில் இருப்பது அது. வாரந்தோறும் பல மணி நேரம், வெளியிலிருந்து வரும் பாதுகாப்புப் புகார்களைக் கவனிப்பதிலேயே போகிறது, சம்பளமில்லாத ஒருவரால் இதைத் தாங்க முடியாது என்று 2025-இல் அறிவித்தார். இனி பாதுகாப்புக் குறைகளை ரகசியம் காத்து, கெடு வைத்து, முன்னுரிமை கொடுத்துச் செய்யப்போவதில்லை. மற்றக் குறைகளைப்போலவே நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன் என்றார். அதே ஆண்டில் பராமரிப்பிலிருந்தும் விலகினார். பொறுப்பில்லாதவர் என்று அவரைச் சொன்னவர்களும் இருந்தார்கள். என் கணக்கில், அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று எவ்வளவு காலம் அவர் தலையிலேயே கட்டுவது?

பெட்டிச் செய்தி: எழுதாத ஒப்பந்தமும் எழுதிய உரிமமும்

ஏறத்தாழ எல்லாத் திறமூல உரிமங்களிலும் ஒரு பத்தி உண்டு. 'உள்ளது உள்ளபடி' தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை, இதனால் வரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பல்ல. இந்தப் பத்தியோடுதான் அந்த மென்பொருள் நம் கைக்கு வருகிறது.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 2024-இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீடு: பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருளை ஒவ்வொரு நிறுவனமும் சொந்தமாக எழுத நேர்ந்தால் ஆகும் மதிப்பு 8.8 லட்சம் கோடி டாலர். அவை இல்லாவிட்டால் நிறுவனங்கள் மென்பொருளுக்கு இப்போது செலவிடுவதைப்போல 3.5 மடங்கு செலவிட வேண்டும். இந்த மதிப்பில் 96 சதவீதத்தை உருவாக்குபவர்கள் 5 சதவீத நிரலாளர்கள்.

சாவியை யாரிடம் கொடுப்பது?

களைத்தவர் என்ன செய்வார்? சிலர் நிறுத்திவிடுகிறார்கள். ரஸ்ட் மொழியில் ஆக்டிக்ஸ்-வெப் என்ற கருவியை எழுதிய நிகோலாய் கிம், தன் நிரல் பாதுகாப்பற்றது என்று தொடர்ந்து வந்த தாக்குதல்களால் வெறுத்துப்போய் 2020 ஜனவரியில் விலகினார். பிறகு அந்தத் திட்டம் வேறு கைக்குப் போனது.

சிலர் கோபத்தில் தங்கள் கையாலேயே கெடுக்கிறார்கள். கலர்ஸ், ஃபேக்கர் என்ற இரண்டு சின்னக் கருவிகளை எழுதிய மராக் ஸ்கொயர்ஸ், பணக்கார நிறுவனங்களுக்கு இனி ஓசியில் உழைக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். 2022 ஜனவரியில் அவற்றை வேண்டுமென்றே செயலிழக்க வைத்தார். அவற்றை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் திண்டாடின. அந்தக் காரியத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். அடிபட்டவர்களில் பலர் அவரைப்போலவே காசில்லாத தன்னார்வலர்கள்.

மூன்றாவது வழிதான் ஆபத்தானது. யாராவது கேட்டால் கொடுத்துவிடுவது. நியூசிலாந்தின் டொமினிக் டார், தான் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்ட ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற கருவியை, பராமரிக்க முன்வந்த ஒருவரிடம் 2018-இல் ஒப்படைத்தார். வாரத்துக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் தரவிறங்கிய கருவி. வாங்கியவர் அதற்குள் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை நுழைத்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் வசவு முழுவதும் டாருக்கு. முன்பின் தெரியாதவனிடம் எப்படிக் கொடுத்தாய் என்று கேட்ட கூட்டத்தில், அதற்கு முன் ஒரு மணி நேரம் அவருக்கு உதவியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

எக்ஸ்-இசட் விவகாரத்துக்குப் பிறகு, மற்றவர்களும் தங்கள் பழைய கடிதங்களைப் புரட்டினார்கள். ஆண்ட்ராய்டுக்கான திறமூலச் செயலிகளைத் தொகுத்துத் தரும் எஃப்-டிராய்டு குழுவில் 2020-இல் இதே மாதிரி ஒன்று நடந்திருந்தது. புதிதாக வந்த ஒருவர் தேடல் வசதியை மேம்படுத்தும் நிரலை அனுப்பினார். சீக்கிரம் சேருங்கள் என்று வேறு சில புதிய பெயர்கள் நெருக்கின. உள்ளே பாதுகாப்புக் குறை இருப்பது தெரியவந்ததும், அனுப்பியவர் தன் கணக்கையே அழித்துக்கொண்டு மறைந்தார். அது சதியா தவறா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2024 ஏப்ரலில், ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களைப் பேணும் ஓப்பன்-ஜேஎஸ் அறக்கட்டளையும் திறமூலப் பாதுகாப்புக்கான ஓப்பன்-எஸ்எஸ்எஃப் அமைப்பும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. எங்களையும் இப்படி நெருக்கிப் பொறுப்பைக் கேட்டார்கள் என்றது ஓப்பன்-ஜேஎஸ்.

இன்றைய நிலைமை கொஞ்சம் மாறி, இன்னும் மோசமாகியிருக்கிறது. முன்பு, திட்டுகிறவர் ஒரு வரியாவது தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு பக்கம் பக்கமாகப் பொய்க் குறைகளை எழுதித் தருகிறது. கர்லில் குறை கண்டுபிடித்தால் பரிசு என்ற திட்டத்துக்கு அப்படிப்பட்ட அறிக்கைகள் குவிந்தன. ஒவ்வொன்றையும் உண்மையா என்று பார்ப்பதற்கு மனிதர்களின் நேரம் போனது. 2026 ஜனவரியோடு அந்தப் பரிசுத் திட்டத்தையே மூடிவிட்டார் ஸ்டென்பெர்க்.

புகார் வேறு, அதட்டல் வேறு

பயனர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியை இங்கே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த மாட்டின் பல்லைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஃப்ராய்ண்ட் பார்த்ததால்தான் நாம் பிழைத்தோம்.

என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, அவரைப்போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேவோடு சேர்ந்து வளர்த்தது. விலை கொடுத்து வாங்க முடியாத எத்தனையோ பார்வையற்றவர்கள் இதைக்கொண்டுதான் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அதில் ஒரு பதிப்பு திடீரெனப் பேச மறுத்தால், அவர்களுக்கு அன்றைய உலகம் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வரும் கடிதத்தில் சூடு இருக்கத்தான் செய்யும். அந்தச் சூட்டைத் திமிர் என்று தள்ளிவிடுகிற நிரலாளர்களும் உண்டு. 'பிடிக்காவிட்டால் நீயே எழுதிக்கொள்' என்ற பதில், நிரல் எழுதத் தெரியாத ஒருவரிடம் சொன்னால் கதவை முகத்தில் அறைவதுதான்.

நானும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். தமிழில் தட்டச்சு செய்ய நான் நம்பியிருந்த ஓர் இலவசக் கருவி, கணினியைப் புதுப்பித்ததும் வேலை செய்யவில்லை. கட்டுரை அனுப்பக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. 'வேலை செய்யவில்லை. எப்போது சரிசெய்வீர்கள்?' என்று இரண்டே வாக்கியம் எழுதினேன். வணக்கம்கூட இல்லை. அன்றிரவே பதில் வந்தது. எந்த இயங்குதளம், கருவியின் எந்தப் பதிப்பு, எதைத் தட்டினால் என்ன வருகிறது என்று மூன்று கேள்விகள், மரியாதையாக. அந்த மூன்றையும் நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்கு ஓர் இரவு மிச்சம். நான் எழுதியது கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கேட்கும் தொனி. உண்மையில் கடன்பட்டிருந்தவன் நான்.

தமிழிலும் இந்த உலகம் இருக்கிறது. விசைப்பலகை, எழுத்துரு, பிழைதிருத்தி, பெரிய மென்பொருள்களின் தமிழாக்கம் என்று மாலை நேரங்களைக் கொட்டுகிறவர்கள் சிலர்தான். சென்னை லினக்ஸ் பயனர் குழு, கணியம் அறக்கட்டளை போன்ற இடங்களில் அவர்களைப் பார்க்கலாம். ஒரு பொத்தானுக்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. அடுத்த நூறு சொற்களை நான் பார்த்துத் தருகிறேன் என்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காசு வந்தால் சரியாகுமா?

ஓரளவு. ஜெர்மனி 2022-இல் இதற்கென்றே சாவரின் டெக் ஃபண்ட் என்ற அரசு நிதியைத் தொடங்கியது. கர்ல், லாக்-ஃபோர்-ஜே போன்றவற்றுக்கு அதிலிருந்து பணம் போயிருக்கிறது. பெங்களூரின் ஸெரோதா நிறுவனம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி 2024-இல் ஒரு நிதியைத் தொடங்கியது. திறமூலத்தை எடுத்துத்தான் வளர்ந்தோம், ஆகவே திருப்பித் தருகிறோம் என்று ஓர் இந்திய நிறுவனம் சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது. நம் ஊர்ப் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் இந்த வழிக்கு வந்தால் கணக்கே மாறும்.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் கட்டாயம். ஒரு பொருளைச் சந்தையில் விற்கிற நிறுவனம், அதற்குள் இருக்கும் திறமூல நிரலின் பாதுகாப்புக்கும் தானே பொறுப்பு. வணிக நோக்கமில்லாமல் எழுதிப் பகிரும் தனிமனிதர் மேல் அந்தச் சுமை விழாது. முதல் வரைவு வந்தபோது தன்னார்வலர்கள் பதறிப்போய்ப் போராடித்தான் இந்த விலக்கைப் பெற்றார்கள். 24 மணி நேரக் கெடுவோடு கடிதம் அனுப்பிய நிறுவனம், ஐரோப்பாவில் பொருள் விற்றால், இனி அந்தக் கேள்விகளுக்குத் தானே விடை தேட வேண்டும்.

ஆனால், காசு போடும் இடம் தெரிய வேண்டுமே. எக்ஸ்-இசட் போல அடியாழத்தில் கிடக்கும் கருவிகள் எத்தனை என்பதை அவை உடையும்போதுதான் உலகம் அறிகிறது. அதோடு, காலினுக்கு அன்று தேவைப்பட்டது பணம் மட்டும்தானா? அந்த ஜூன் மாதம் குழுவில் யாராவது ஒருவர், 'அவரை விடுங்கள், உடம்பு சரியானதும் பார்ப்பார்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் ஜியா டானின் அவசரத்துக்கு ஒரு தடை விழுந்திருக்கும். அதற்குச் செலவில்லை.

மீண்டும் பின்லாந்து

சதி வெளியானபோது காலின் விடுமுறையில் இருந்தார். தற்செயலாக மின்னஞ்சலைத் திறந்து பார்த்தவர், பெரிய குளறுபடி நடந்திருக்கிறது என்று சுருக்கமாக எழுதினார். கிட்ஹப் நிறுவனம் ஜியா டானின் கணக்கோடு காலினின் கணக்கையும் முடக்கியிருந்தது. தன் வீட்டுக்கே அவரால் நுழைய முடியவில்லை. பிறகு கணக்கு திரும்பக் கிடைத்தது.

ஜியா டான் செய்த மாற்றங்களை அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார். இரண்டு மாதம் ஆனது. 2024 மே 29 அன்று, கொல்லைப்புறக் கதவை அகற்றிய 5.6.2 பதிப்பு வெளிவந்தது.

எக்ஸ்-இசட்டின் ஜாவா வடிவம் இன்னும் பராமரிப்பில் இருக்கிறதா என்று 2022 மே மாதம் டென்னிஸ் என்ஸ் என்ற பெயர் கேட்டிருந்தது. அந்தக் கேள்வியில்தான் நெருக்கடி சூடு பிடித்தது. ஜாவா வடிவத்தின் அடுத்த பதிப்பு 2024 ஜூலையில் வந்தது. வெளியிட்டவர் லாஸ்ஸே காலின்.